டாக்குமார் 55எம்எம், சோனி ஏ7 மார்க் 3: ஷட்டர் விழவே மாட்டேங்குது

தேக்காவாசி:
லென்ஸ் சூப்பர் டாக்குமார் 55எம்எம் எஃப் 1.8, எம்42 மரை (திருகி மாட்டும் பழைய வகை). சிங்கப்பூர் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் சாதாரண அடாப்டர் ஒன்று வாங்கி சோனியில் மாட்டியாச்சு. ஷட்டர் விழல. அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துவாரம்) வளையத்தை 1.8-லிருந்து 16 வரை திருப்பினாலும் திரையில் வெளிச்சம் மாறல. கோளாறு லென்ஸிலா, அடாப்டரிலா? ஞாயிறு காலை தேக்கா சந்தையில் படம் எடுக்கணும்.

மரைத்திருகு:
இரண்டிலும் இல்லை. அடாப்டரில் மின்தொடர்பு கிடையாது. லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைக்கிறது. மெனுவில் 'ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்' என்பதை எனேபிள் செய்யுங்க.

வெளிச்சத்தை வைத்து அப்பர்ச்சரைச் சோதிக்காதீங்க. கேமராவின் ஏ மோடில் (வெளிச்சத்தைக் கேமராவே சரிசெய்யும் முறை) துவாரம் சுருங்கினால் கேமரா ஷட்டர் வேகத்தைக் குறைத்தோ ஐஎஸ்ஓ-வை (ஒளியுணர்திறன்) ஏற்றியோ திரையைப் பழையபடியே காட்டும். லென்ஸைக் கழற்றி, முன்பக்கமாகப் பார்த்து அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்புங்க. துவாரத்தைச் சுருக்கும் இதழ்கள் அசையவில்லையென்றால் லென்ஸின் பக்கவாட்டிலுள்ள ஏ–எம் சுவிட்ச் ஏ-யில் நிற்குது. பின்னாலுள்ள சிறு ஊசியை ஏதாவது அழுத்தினால்தான் ஏ-யில் துவாரம் சுருங்கும். எம்-க்குத் தள்ளிட்டா அந்தத் தொல்லையே இல்லை. சுவிட்ச் இல்லாத எம்42 லென்ஸ்களுக்கு, ஊசியை அழுத்தும் உள்விளிம்பு வைத்த அடாப்டர் வேணும்.

ஸ்டெடிஷாட்டை (கேமராவின் கை நடுக்கத் தடுப்பு) மேனுவலுக்கு மாற்றி, லென்ஸின் குவிய தூரமாக 55 கொடுங்க. 135எம்எம் லென்ஸுக்கு மாறிவிட்டு 55-லேயே விட்டால் கேமரா போதுமான அளவு ஈடுகட்டாது, படம் ஆடிப்போகும்.

அங்மோகியோ நிழல்:
ஃபோகஸுக்கு பீக்கிங் (ஃபோகஸான விளிம்புகளை நிறத்தால் காட்டும் வசதி) போட்டுக்கோங்க, சிவப்பு நிறம், அளவு மிட். வேலை சுலபம்.

மரைத்திருகு:
எஃப் 8-க்கு அது போதும். 1.8-ல் நம்பாதீங்க, கான்ட்ராஸ்ட் உள்ள விளிம்பு எதுவானாலும் சிவக்கும், கண் இமையும் மூக்கும் சேர்ந்தே மின்னும். திரையில் படத்தைப் பெரிதாக்கும் 'ஃபோகஸ் மேக்னிஃபையர்' வசதியை கேமராவின் சி1 பொத்தானில் வைங்க. இந்த லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் படம் தானாகப் பெரிதாகாது, நீங்கதான் அழுத்தணும். பெரிதாக்கம் 5.9 மடங்கு, அதற்கு அடுத்து 11.7.

தேக்காவாசி:
எம்-க்குத் தள்ளினேன், இதழ் அசையுது. ஷட்டரும் விழுது, நன்றி. ஆனா முடிவிலிக் குறியைத் தாண்டியும் ஃபோகஸ் போகுது. லென்ஸ் மேலுள்ள எண்கள் வேற இடப்பக்கம் சாஞ்சு நிக்குது.

மரைத்திருகு:
லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து சென்சார் வரையிலான தூரம் எம்42-க்கு 45.46 மிமீ, உங்க கேமராவின் சோனி ஈ மவுண்டுக்கு 18. அடாப்டர் 27.46 மிமீ இருக்கணும். முடிவிலி தவறக் கூடாதென்று பல தயாரிப்பாளர்கள் நூலளவு மெலிதாகவே கடைவாங்க. தாண்டினால் பாதகமில்லை, முடிவிலியை எட்டாவிட்டால்தான் அடாப்டரை மாற்றணும்.

எண் சாய்வது, லென்ஸைத் திருகும்போது மரை முடியும் இடத்தால். உங்க அடாப்டரின் ஓரத்தில் மூன்று பொடித் திருகுகள் இருக்கான்னு பாருங்க. இருந்தா, மூன்றையும் அரைச்சுற்று தளர்த்தி, லென்ஸோடு உள்வளையத்தைத் திருப்பி நேராக்கி, மூன்றையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. ஒரே திருகை முழுசா இறுக்கினால் வளையம் சாய்ந்து, படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும்.

அங்மோகியோ நிழல்:
லென்ஸை டிரை கேபினெட்டுக்குள் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) வைக்கும் முன் பின்பக்கமிருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. மற்ற லென்ஸ்களோடு ஒரே டிரை கேபினெட்டில் வைக்காதீங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு கேபினெட் 40–50 சதவீதத்தில் நிற்கட்டும்.