லோன் எஸ்டிமேட்டில் இரண்டு டைட்டில் இன்சூரன்ஸ்: ரெண்டும் வேணுமா? (டெக்சாஸ், முதல் வீடு)

ஃபிரிஸ்கோ_புதுசு:
வணக்கம். டல்லாஸ் பக்கம் காலின் கவுண்டியில் ஒரு ரீசேல் வீடு பேசி முடிச்சிருக்கோம். விலை 450,000 டாலர், லோன் 360,000. டைட்டில் இன்சூரன்ஸ்னா வீட்டு உரிமையில் பின்னாடி வில்லங்கம் கிளம்பினா நஷ்டத்தைக் கொடுக்கிறதாம். லோன் எஸ்டிமேட்டில் (லோன் செலவுக் கணக்குத் தாள்) லெண்டர் (கடன் கொடுக்கிற பேங்க்) டைட்டில் பாலிசின்னு 2,200 சொச்சம் போட்டிருக்கு. வேற ஒரு பகுதியில் ஓனர் பாலிசி 570 சொச்சம், பக்கத்திலேயே 'விருப்பப்பட்டால்'னு இருக்கு. விருப்பம்தானே, விட்டுடலாமா? ஏஜென்ட்டோ ஓனர் பாலிசிக்கு செல்லர் காசு கொடுப்பார்ங்கிறார். அப்புறம் எதுக்கு என் கணக்கில் வருது?

ஈரோட்டில் இருந்து அப்பா தினமும் போன்: "முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தியா? தாய்ப்பத்திரம் யார்கிட்ட இருக்கு?" இங்க யாருமே அப்படி எதையும் என் கையில் கொடுக்கலை.

டைட்டில் கம்பெனி கமிட்மென்ட்னு ஒண்ணு, அதாவது எந்த நிபந்தனையில் பாலிசி தருவோம்ங்கிற தாள், அனுப்பியிருக்காங்க. ஷெட்யூல் சி-யில் என் பேர்ல கோர்ட் தீர்ப்புக் கடன் ஒண்ணு இருக்குன்னு போட்டிருக்கு. நான் யாருக்கும் பத்து பைசா பாக்கி வெச்சதில்லை!

வைகைக்காரன்:
ஓனர் பாலிசி காசு பிடுங்குற வேலை பாஸ். லெண்டர் எப்படியும் தேடிப் பார்த்துத்தானே கடன் கொடுக்கிறான். அவன் பாலிசியே போதும்.

பிளேனோ_மீனா:
வைகைக்காரன் தம்பி, அது தப்பு. லெண்டர் பாலிசி லெண்டரை மட்டும்தான் காப்பாத்தும். நாளைக்கே செல்லரோட பழைய பத்திரத்தில் கையெழுத்து போலின்னு தெரிஞ்சு வீடு கைவிட்டுப் போனா, பேங்குக்கு மிச்சக் கடன் வந்துடும். இவர் போட்ட 90,000 டாலர் டவுன் பேமென்ட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. லெண்டர் பாலிசி கடன் குறையக் குறையத் தானும் குறையும், ரீஃபைனான்ஸ் பண்ணினா முடிஞ்சும் போகும். ஓனர் பாலிசிக்கு ஒரே தடவை கட்டினா போதும். நீங்களோ உங்க வாரிசோ வீட்டை வெச்சிருக்கிற வரைக்கும் இருக்கும்.

இப்ப அந்தக் கணக்கு. அதுல குழம்பாதவங்க இல்லை. லோன் எஸ்டிமேட் மத்திய அரசு ஃபார்ம். ரெண்டு பாலிசியும் சேர்த்து வாங்கினாலும் லெண்டர் பாலிசிக்கு முழுக் கட்டணத்தைக் காட்டிட்டு, மிச்சத்தைத்தான் ஓனர் பாலிசின்னு போடணும்னு விதி. டெக்சாஸ்ல நிஜம் தலைகீழ். விலைக்கு ஏத்த முழுக் கட்டணம் ஓனர் பாலிசிக்கு. லெண்டர் பாலிசி அதோட சேர்ந்து வரும்போது வெறும் 100 டாலர், எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோட சேர்க்கிற கூடுதல் காப்பு) ஏதாவது இருந்தா அது தனி. ரெண்டு வழியிலும் கூட்டுத்தொகை ஒண்ணுதான். குளோசிங் (கையெழுத்துப் போட்டுப் பணம் கைமாறுற நாள்) சமயத்தில் டி-64னு ஒரு தாள் தருவாங்க, அதுல நிஜக் கணக்கு இருக்கும்.

ஆக, ஓனர் பாலிசி வேண்டாம்னா உங்களுக்கு மிஞ்சுறது அந்த 570தான். காண்ட்ராக்டோட 6-ஆம் பத்தியில் செல்லர் செலவுன்னு டிக் ஆகியிருந்தா அதுவும் மிஞ்சாது. லெண்டர் பாலிசிக்கு முழுக் கட்டணம் உங்க தலையில் விழும், செல்லர்தான் சந்தோஷப்படுவார். முதல்ல அந்த டிக்கைப் பாருங்க.

இன்னொண்ணு, டெக்சாஸ்ல இந்தக் கட்டணத்தை மாநில இன்சூரன்ஸ் துறை நிர்ணயிக்குது. பாலிசி விலைக்காகக் கம்பெனி கம்பெனியா அலைய வேண்டாம். எஸ்க்ரோ ஃபீஸ் (பணத்தை வாங்கி வெச்சு குளோசிங்கை முடிச்சுத் தர்றதுக்கான கட்டணம்) மாதிரி மத்தது மாறும்.

கவுண்டி_கிளார்க்கு:
(பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, நான் அரசு ஊழியர் இல்லை. டைட்டில் தேடுற வேலையில் இருக்கேன்.)

அப்பா கேட்கிறது நியாயமான கேள்வி. அந்த வில்லங்கத்தைத்தான் டைட்டில் கம்பெனி பார்த்திருக்கு. ஊர்ல நாம ஈசி போட்டு, வக்கீல்கிட்ட லீகல் ஒப்பீனியன் வாங்குவோம். வக்கீல் கோட்டை விட்டா அவர்கிட்ட இருந்து என்ன வாங்க முடியும்? இங்க தேடினவங்களே கோட்டை விட்டதுக்கும், எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாத போலிக் கையெழுத்து, மறைஞ்சிருந்த வாரிசு மாதிரி விஷயத்துக்கும் பாலிசித் தொகை வரைக்கும் பொறுப்பேத்துக்கிறாங்க, கோர்ட் செலவும் சேர்த்து. தாய்ப்பத்திரம்னு எதுவும் கைமாறாது. பத்திரம் கவுண்டியில் பதிவாகி, அசல் உங்களுக்கே தபால்ல வரும். தொலைஞ்சாலும் குடி முழுகாது, பதிவுதான் முக்கியம். பேங்க் உங்க பத்திரத்தைப் பூட்டி வெச்சுக்காது, தன் அடமானத்தைத் தனியா பதிவு பண்ணிக்கும்.

பேர் விஷயம். நம்ம ஆளுங்களுக்கு இது அடிக்கடி வரும். அப்பா பேரைக் கடைசிப் பேரா வெச்சிருப்போம், அதே ஜோடியில் இந்த ஊர்லயே நாலு பேர் இருப்பாங்க. 'அந்த ஆள் நான் இல்லை'னு ஒரு அஃபிடவிட் கேட்பாங்க. தீர்ப்பில் இருக்கிற விலாசம், எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) கடைசி எண்கள் உங்களுதோட ஒத்துப் போகலைன்னு காட்டினா எடுத்துடுவாங்க. இன்னைக்கே எஸ்க்ரோ ஆபீசருக்கு எழுதுங்க. குளோசிங் அன்னிக்குக் காலைல வெச்சுக்காதீங்க.

ஆனா நீங்க சி-யைப் பார்த்துப் பயந்துட்டு பி-யை விட்டுட்டீங்க. சி-யில் இருக்கிறது குளோசிங்குக்கு முன்னாடி தீர்க்க வேண்டியது, தீராம பாலிசி தர மாட்டாங்க. பி-யில் இருக்கிறதுக்கு இன்சூரன்ஸே கிடையாது. பாலிசி கையில் இருக்குன்னு தைரியமா இருப்பாங்க, கேக்கப் போனா 'அது பி-யில் இருக்கே'ன்னு பதில் வரும். என்ன போட்டிருக்கு, எழுதுங்க.

ஃபிரிஸ்கோ_புதுசு:
மீனா அக்கா, பார்த்துட்டேன், செல்லர் செலவுன்னுதான் டிக் ஆகியிருக்கு. நன்றி!

கிளார்க்கு சார், பி-யில்: ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) கட்டுப்பாடுகள், எல்லை வித்தியாசம் பத்தி ஒரு பத்தி, இந்த வருஷத்து வரியும் இனி வரப்போறதும், பின்பக்கம் 10 அடி யுட்டிலிட்டி ஈஸ்மென்ட் (மின்சாரம் மாதிரி லைன்களுக்கு விட வேண்டிய இடம்). பின்னாடி நீச்சல் குளம் போடணும்னு பசங்க ஆசை.

கவுண்டி_கிளார்க்கு:
வரி எல்லாருக்கும் வரும், விடுங்க. ஹெச்ஓஏ-வும் வழக்கமானதுதான், ஆனா அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படிங்க.

ஈஸ்மென்ட்டில் குளம் தோண்ட விட மாட்டாங்க. அனுமதி இல்லாம கட்டி, நாளைக்கு மின்சாரக் கம்பெனிக்காரன் இடிச்சா பாலிசி ஒரு சல்லிக் காசு தராது. சர்வே வரைபடத்தில் எல்லைக் கோட்டில் இருந்து 10 அடி அளந்து, மிச்ச இடத்தில் குளம் கொள்ளுமான்னு பாருங்க. கொள்ளலைன்னா இப்பவே முடிவெடுங்க.

எல்லை பத்தி சொல்ற அந்தப் பத்தியை மாத்தலாம். வேலி உள்ள தள்ளியிருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் ஷெட் இந்தப் பக்கம் வந்திருக்குங்கிற மாதிரி தகராறெல்லாம் அதனாலதான் பாலிசிக்கு வெளியே நிக்குது. ஓனர் பாலிசிக் கட்டணத்தில் 5% கூடுதலாக் கட்டினா, 'பரப்பளவு குறைவு' தவிர மத்ததுக்குக் காப்பு கிடைக்கும். நல்ல சர்வே வேணும். செல்லர்கிட்ட பழைய சர்வே இருந்தா, அதுக்கப்புறம் எதுவும் மாறலைன்னு டி-47 அஃபிடவிட்டோட கேளுங்க. என்னைக் கேட்டா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.

ஆட்சேபம் சொல்ல நாள் கணக்கு உண்டு. காண்ட்ராக்ட் 6-ஆம் பத்தியோட பிற்பகுதியில் இத்தனை நாளுக்குள்ளன்னு எழுதியிருக்கும். அது தாண்டினா பி-யில் உள்ளதை ஏத்துக்கிட்டதா அர்த்தம். எழுத்துல கொடுங்க, போன்ல சொன்னது செல்லாது.

டிமோய்ன்_அரசு:
குறுக்கே வர்றேன். இங்க அயோவாவில் தனியார் டைட்டில் இன்சூரன்ஸ் விக்கவே முடியாது. மாநில அரசே டைட்டில் கியாரன்ட்டி கொடுக்குது, வக்கீல் ஆவணச் சுருக்கத்தைப் படிச்சு ஒப்பீனியன் எழுதுவார். உங்க அப்பாவுக்குப் பிடிச்ச ஊர் இதுதான்.

பிளேனோ_மீனா:
குளோசிங் பணம் அனுப்புற நேரத்தில் 'வங்கிக் கணக்கு மாறிடுச்சு, புது நம்பர் இது'ன்னு ஈமெயில் வந்தா நம்பாதீங்க. டைட்டில் கம்பெனி பேர்லயே, லோகோவோட வரும். அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடாம, முதல் நாள் வாங்கின நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டுட்டு அனுப்புங்க.

ஃபிரிஸ்கோ_புதுசு:
ஆட்சேபத்துக்கு இன்னும் நாள் இருக்கு, இன்னைக்கே ஏஜென்ட் மூலமா எழுதிக் கொடுத்துடறேன். கடைசியா ஒண்ணு. மனைவி லோன்ல இல்லை, பிரசவத்துக்கு மதுரை போயிருக்காங்க. அவங்க கையெழுத்து வேணுமா?

கவுண்டி_கிளார்க்கு:
வாழ்த்துகள்! குடியிருக்கப் போற வீடுன்னா டெக்சாஸ்ல ஹோம்ஸ்டெட் உரிமை (குடியிருக்கிற வீட்டுக்குச் சட்டம் தர்ற பாதுகாப்பு) அவங்களுக்கும் வரும். லோன்ல இல்லைன்னாலும் அடமானப் பத்திரத்தில் கையெழுத்து வேணும்னுதான் லெண்டரும் டைட்டில் கம்பெனியும் வழக்கமாக் கேட்பாங்க. ஆன்லைன் நோட்டரி லெண்டருக்கும் டைட்டில் கம்பெனிக்கும் சரியான்னு கேளுங்க, அதுதான் சுலபம். இல்லேன்னா இந்த வீட்டுக்கு மட்டுமான பவர் ஆஃப் அட்டார்னி. வாசகத்தை லெண்டர் முதல்ல ஒத்துக்கணும், அப்புறம்தான் கையெழுத்து. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி அப்பாயின்ட்மென்ட் வாங்கலாம், ஆனா இந்த நிலைமையில் அவங்களை மதுரையில் இருந்து சென்னைக்கு அலைக்கழிக்கணுமா? உள்ளூர் நோட்டரி கையெழுத்துக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்ல அரசு தர்ற சான்று) வாங்கினா ஏத்துப்பாங்களான்னும் சேர்த்துக் கேட்டுடுங்க. குரியரில் அசல் வந்து சேர நாள் ஆகும், அதை வெச்சு குளோசிங் தேதியைப் பேசுங்க.