ஏழு மாதமாகியும் மனம் ஒட்டவில்லை. ஸ்டுட்கார்ட் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

கரிசல்மண்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அங்கே ஒரு பள்ளியில் 11 வருடம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். போன ஜூனில் கணவருடன் ஜெர்மனியில் உள்ள ஸ்டுட்கார்ட் வந்தேன். அவருக்கு ப்ளூ கார்டு, அதாவது படித்தவர்களுக்கான வேலை அனுமதி. காலை எட்டுக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் வருவார். நகரத்தின் பாட் கான்ஸ்டாட் பகுதியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். குழந்தைகள் இல்லை.

வெயில் காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரவு ஒன்பது வரை வெளிச்சம். நெக்கர் ஆற்றங்கரையில் நடப்போம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள படிக்கட்டுகளில் ஏறுவோம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்துதான் ஆரம்பித்தது. ஊருக்கும் இங்கேயும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது. டிசம்பரில் நாலரைக்கே சூரியன் போய்விடுகிறது. ஐந்தரைக்கு அம்மாவிடம் பேசலாம் என்று போனை எடுத்தால் அங்கே மணி பத்து, தூங்கியிருப்பாள் என்று வைத்துவிடுவேன். காலை பத்து மணி ஆனால் ஊரில் இரண்டரை. இந்நேரம் பத்தாவது 'பி' பிரிவில் முக்கோணவியல் நடக்கும், முன்வரிசைப் பிள்ளைகள் சாப்பிட்ட மயக்கத்தில் இருப்பார்கள் என்று அடுப்படியில் நின்றுகொண்டே நினைப்பேன்.

இரண்டு விஷயங்கள் மனத்தை ரொம்ப அறுக்கின்றன. நவம்பரில் எங்கள் கதவில் யாரோ ஒரு சின்னப் பலகையை மாட்டியிருந்தார்கள். 'கேர்வோகே' என்று எழுதியிருந்தது. தவறுதலாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துக் கழற்றி ஜன்னலோரம் வைத்தேன். அடுத்த ஞாயிறு எதிர்வீட்டு அம்மாள் மணி அடித்தார். படியைக் காட்டிக் காட்டிப் பேசினார். முகத்தைத் தவிர எனக்கு எதுவும் புரியவில்லை. பலகையைக் கேட்டு வாங்கித் தன் கதவிலேயே மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதவைச் சாத்தி அதன் பின்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்று பல் டாக்டர். போனில் 'ஹால்ப் ஃபியர்' என்றார்கள். ஃபியர் என்றால் நாலு, ஹால்ப் என்றால் அரை என்று தெரியும். நாலரைக்குப் போய் நின்றேன். மூன்றரையாம். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். வலி மாத்திரையில் அடங்கிவிட்டது. ஆனால் எண் என் கையில் இருந்த ஒரே பிடிமானம். பேக்கரியில் 47 என்கிறார்களா 74 என்கிறார்களா என்று தெரியாமல் கணக்கு டீச்சர் நான் நோட்டை நீட்டுகிறேன். அங்கே 40 பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே என் குரலை நானே நாள் முழுக்கக் கேட்பதில்லை.

எங்கள் தெருவில் வாரத்துக்கு ஒருமுறை குடிதண்ணீர் வந்தாலே பெரிது. இங்கே குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர். இருந்தும் இரவு படுக்கும் முன் ஒரு வாளி பிடித்து வைத்தால்தான் தூக்கம் வருகிறது. கணவர் நல்லவர், ஒன்றும் சொல்ல மாட்டார். அம்மாவிடம் 'நன்றாக இருக்கிறேன்' என்றுதான் சொல்கிறேன்.

இது போகப் போகச் சரியாகுமா? திரும்பிப் போக நினைப்பது தவறா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நெக்கர்க்கரை:

சகோதரி, நான் சேலம். ஒன்பது வருடமாக உங்களுக்குப் பக்கத்து ஊரான எஸ்லிங்கனில் இருக்கிறேன்.

முதலில் அந்தப் பலகை. இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம் அது. அந்த வாரம் படிக்கட்டு பெருக்கித் துடைக்கும் முறை உங்கள் வீட்டுக்கு என்று அர்த்தம். முடித்துவிட்டு அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். இந்த முறையில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு. சின்னது உங்கள் மாடிப்படி. பெரியது வெளிப்பாதை, நிலவறைப் படி, குளிர்காலத்தில் பனி தள்ளுவது. உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்த அம்மாளுக்குக் கோபம் இருந்திருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியாதே. கதவைத் தட்டி 'என்ட்ஷூல்டிகுங், இஷ் வுஸ்டே எஸ் நிஷ்ட்' என்று சொல்லுங்கள். மன்னிக்கவும், எனக்குத் தெரியவில்லை என்று பொருள்.

அப்புறம் மணிக்கணக்கு. இதை நீங்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் மணியில் எத்தனை பங்கு முடிந்தது என்று சொல்கிறார்கள். மூன்றிலிருந்து நாலுக்குப் போகும் அந்த நாலாவது மணியில் அரைப்பங்கு முடிந்தால் 'ஹால்ப் ஃபியர்', அதாவது மூன்றரை. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள நம் ஸ்வாபியப் பக்கத்தில் கால், முக்காலும் இப்படியே: 'ஃபியர்டல் ஃபியர்' என்றால் மூன்றேகால், 'டிரைஃபியர்டல் ஃபியர்' என்றால் மூன்றேமுக்கால். இரண்டிலக்க எண்ணில் ஒன்றின் இடம் முதலில் வரும். காதில் விழுந்ததும் வலதுபக்கம் எழுதி, அடுத்ததை இடதுபக்கம் எழுதிப் பழகுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கான ஒருங்கிணைப்புப் படிப்பில் சேர்ந்துவிட்டீர்களா? 600 பாட நேரம் மொழி, 100 பாட நேரம் இந்த நாட்டுச் சட்டம், வரலாறு, வாழ்க்கை. நகரத்தின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற முதியோர் கல்வி நிலையத்தில் நடக்கிறது. குடும்ப விசாவில் இருப்பதால் உங்களுக்கு உரிமை உண்டு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் கடிதம் கேளுங்கள். ஆசிரியர் வேலை பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நம் பி.எட்.டை அப்படியே ஏற்க மாட்டார்கள். பொதுவாக இரண்டு பாடம் படித்திருக்க வேண்டும், ஜெர்மனும் நல்ல உயர்நிலையில் வேண்டும். பல வருட வேலை அது. ஆனால் ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு எந்த வேலைக்கும் அனுமதி உண்டு. வரி அலுவலகத்தில் பதிந்துகொண்டு கணக்கு டியூஷன் எடுக்கலாம். இங்கே நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பனைவடலி:

பிள்ளை, நான் யாழ்ப்பாணம். இப்ப ஹாம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என்ர மனுசன் 1985இல் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, மேற்கு பெர்லினுக்குக் கடந்து வந்தவர். நான் 1989இல் வந்தேன். அகதி விண்ணப்பம் முடியும்வரை அனுமதி இல்லாமல் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. ஒரு அறை, ஒரு ஜன்னல். பக்கத்தில் தமிழ் கதைக்க ஒரு ஆள் இல்லை.

அம்மாவுக்கு நீலக் கடிதம், வான் அஞ்சல் தாள், எழுதுவேன். 'நாங்கள் நல்ல சுகம், நல்ல சாப்பாடு' என்றுதான் எழுதுவேன். அம்மாவும் 'இங்கே பிரச்சினை ஒன்றும் இல்லை' என்று எழுதுவார். 1995இல் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது நாலு மாதம் அம்மா எங்கே என்றே தெரியாது. சமாதான காலத்தில், 2003இல், அம்மா இங்கே வந்து நின்றபோதுதான் இரண்டு பேரும் உண்மையைக் கதைத்தோம். அந்தச் சமையலறையில் விடியும்வரை இருந்தோம். 14 வருடம் ஒருவருக்கொருவர் பொய் எழுதியிருக்கிறோம். எனக்கு அந்தக் கடிதங்கள் இப்பவும் வேதனை. உங்களுக்குக் கையில் போன் இருக்கு பிள்ளை. அம்மாவுக்குச் சொல்லுங்கோ.

இன்னொன்றும் சொல்ல வேணும். எங்கள் தெருவில் ஒரு தேவாலயம். புதன்கிழமை பின்னேரம் வயதுபோன பெண்கள் கூடி நூல் பின்னுவார்கள். பாஷை தெரியாமலே போனேன். யாரும் பெரிதாகக் கதைக்கேல்லை. ஒரு வருடம் அப்படியே போச்சு. ஒரு புதன் காய்ச்சல், போகவில்லை. பொழுதுபட ஒருத்தி சூப் கிண்ணத்தோடு வந்து வாசலில் நிற்கிறாள். என்னைக் காணவில்லை என்று தேடி வந்தவள். அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஊர் ஒட்டினது. பாஷை வரட்டும் என்று காத்திராதேங்கோ. கிழமைக்கு ஒருநாள் உங்களைத் தேடுகிற ஒரு இடத்துக்குப் போங்கோ.

எங்கள் ஊரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002இல் கட்டினது. தேருக்கு ஐரோப்பா முழுக்கச் சனம் வரும். உங்களுக்குத் தூரம்தான். வந்தால் எங்கள் வீட்டில் தங்கலாம்.

காவிரித்துறை:

நான் இரண்டரை வருடம் நெதர்லாந்தில் இருந்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிவிட்டேன். திரும்புவது தவறு இல்லை. இன்றும் அதற்காக வருந்தவில்லை. ஒன்றே ஒன்று: நான் அந்த முடிவை ஜனவரி இருட்டில் எடுத்தேன். மே மாதம் வரை பொறுத்திருந்தால் இதே முடிவை இன்னும் நிதானமாக எடுத்திருப்பேன். நீங்களும் வெளிச்சம் வரும்வரை தள்ளிப்போடுங்கள். அதற்குள் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால் குடும்ப டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மனச் சோர்வுக்கும் அவரிடமே முதலில் போகலாம், காப்பீட்டில் வரும்.

கரிசல்மண்:

எல்லோருக்கும் நன்றி. பனைவடலி அம்மா, உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'பத்து மணிக்குத் தூங்கிவிடுவேன் என்று யார் சொன்னது? சீரியல் முடியவே பத்தரை ஆகும், நீ கூப்பிடு' என்றாள். இப்போது தினமும் ஐந்தரைக்குப் பேசுகிறோம்.

படிப்புக்குப் பதிந்துவிட்டேன், மார்ச்சில் வகுப்பு.

சனிக்கிழமை எதிர்வீட்டு மணியை அடித்தேன். நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியத்தைச் சொன்னேன் நெக்கர்க்கரை அண்ணா. அவர் என்னைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். துடைப்பம் இருக்கும் அலமாரி, நிலவறைச் சாவி, எல்லாம் காட்டினார். நவம்பரிலிருந்து எங்கள் முறை வந்தபோதெல்லாம் அவரே செய்திருக்கிறார். வயது என்ன என்று கேட்டேன், அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். 'ஐன்-உண்ட்-ஆஹ்ட்சிக்' என்றார். ஒன்று, எண்பது. உள்ளங்கையில் விரலால் 81 என்று எழுதிக் காட்டினேன். தலையாட்டினார்.

இந்த வாரமும் அடுத்த வாரமும் பலகை என் கதவில்தான் இருக்கும் என்று சைகையிலேயே சொல்லிவிட்டேன். இரவு பிடித்து வைத்த வாளித் தண்ணீரில்தான் படி துடைத்தேன்.

ஒரு சந்தேகம். பெரிய முறை அவருக்கு வருகிறது, பனி விழும் என்கிறார்கள். இந்த வயதில் அவர் தள்ளக்கூடாது. ஸ்டுட்கார்ட்டில் காலை எத்தனை மணிக்குள் பாதையைச் சுத்தம் செய்திருக்க வேண்டும்? மண்வெட்டி வீட்டுக்காரர் தருவாரா, நாம் வாங்க வேண்டுமா?