ஏப்பம் விட்டால் நின்றுவிடும் படபடப்பு: உங்களுக்கும் உண்டா?

திருவொற்றியூர்க்காரன்:

நாலு வருஷக் கதை, கொஞ்சம் நீளம். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு இரவு ஷிப்ட். வயது 41. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது.

முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் பிரியாணி, அதுக்கு மேல பிரெட் அல்வா வேற. வயிறு கல் மாதிரி இருந்தது. கீழே விழுந்த பைக் சாவியை எடுக்கக் குனிந்தேன், அவ்வளவுதான். டக்கென்று நெஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. சட்டைக்கு மேலேயே துடிப்பு தெரிகிறது, தொண்டைக்குழி தனியாக அடிக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "வாய்வுடா, நெஞ்சுல ஏறிடுச்சு" என்று தெருமுனையில் இருந்து கோலி சோடா வாங்கி வரச் சொன்னாங்க. ஜில்லென்று ஒரே மடக்கில் குடித்தேன். பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது, அதோடு படபடப்பும் போச்சு. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை, ஆரம்பித்த மாதிரியே டக்கென்று நின்றது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? கேஸ்தான் என்று வீடே தீர்ப்பு எழுதிவிட்டது.

அப்புறம் மூணு வருஷம் ஓமத்திரவம், பெருங்காயம் போட்ட மோர், இஞ்சி மொரப்பா, வெறும் வயிற்றில் பூண்டு. மொச்சை, உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்தினேன். மாசத்துக்கு ஒன்று ரெண்டு தடவை வரும். டாக்டரிடம் போய்ச் சேருவதற்குள் நின்றிருக்கும், இ.சி.ஜி. நார்மல் என்று வரும். ஒருத்தர் கேஸ் என்றார், இன்னொருத்தர் டென்ஷன் என்றார், மூணாவது ஆள் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை எழுதினார். 24 மணி நேரம் ஹோல்டர் (உடம்பிலேயே மாட்டிக்கொண்டு துடிப்பைப் பதிவு பண்ணும் சின்ன இ.சி.ஜி. கருவி) கட்டிப் பார்த்தோம். அன்னிக்குன்னு பார்த்து நல்ல பிள்ளையாக இருந்தது.

போன வருஷம் ஒரு காலையில் ஷிப்ட் முடிந்து வரும்போது காலடிப்பேட்டை மெட்ரோ படியில் பிடித்துக்கொண்டது. ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, டீ மட்டும்தான். வயிறு காலி, உப்புசம் இல்லை. சோடா குடித்தேன், ஏப்பமும் வந்தது. நிற்கவில்லை. 40 நிமிஷம் ஆனதும் கண் இருட்டியது. கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. ஒட்டிப் பார்த்தால் துடிப்பு நிமிஷத்துக்கு 188! மூணு வருஷத்தில் முதல் தடவையாக ஓடும்போதே காகிதத்தில் பிடிபட்டது. எஸ்.வி.டி. என்றார்கள், அதாவது இதயத்தின் மேல் பகுதியில் கிளம்பும் அதிவேகத் துடிப்பு.

கையில் அடினோசின் என்கிற, அந்த ஓட்டத்தை நிறுத்தும் ஊசி போடுவதற்கு முன்னால் அங்கே இருந்த சிஸ்டர், "கொஞ்ச நேரம் உயிர் போற மாதிரி இருக்கும், போகாது, பயப்படாதீங்க" என்றார். சொன்னபடியே இருந்தது. மானிட்டரில் கோடு சில விநாடி வெறுமனே போனது. அப்புறம் 92.

இதய டாக்டர் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். இதயத்தின் மேல் அறையில் இருந்து கீழ் அறைக்கு மின்சாரம் இறங்க எல்லாருக்கும் ஒரு வழி. என்னைப் போல சிலருக்கு அந்த இடத்திலேயே ரெண்டு வழி. தவறிப்போய் ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்துவிட்டால் ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறி, ரவுண்டானாவை விட்டு வெளியே போகத் தெரியாத லாரி மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். ஜில் தண்ணீர் விழுங்குவது, முக்குவது, வாந்தி, ஏப்பம் எல்லாம் வேகஸ் என்கிற நரம்பை உசுப்பும். அது இதயத்துக்கு பிரேக். ஒரு கணம் பிரேக் பிடித்தால் சுற்று அறுந்துவிடும். அதாவது என் ஏப்பம் வேலை செய்தது உண்மை, ஆனால் கேஸ் வெளியே போனதால் அல்ல! மூணு வருஷம் நான் சிகிச்சையைப் பார்த்துக் காரணத்தை முடிவு பண்ணியிருக்கிறேன்.

அப்போ பிரியாணி? அதையும் கேட்டேன். வயிறு நிறைந்து உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை) மேலே தள்ளினாலும் சரி, திடீரெனக் குனிந்தாலும் சரி, அந்த முதல் தப்புத் துடிப்பைக் கிளப்பலாமாம். தீக்குச்சி வயிற்றில் இருக்கலாம், ஒயர் பிறக்கும்போதே இருந்தது.

உங்களுக்கு எப்படி வருகிறது? நின்றுபோவது டக்கென்றா, மெதுவாகவா?

பழைய வண்ணாரப்பேட்டை, வீட்டில் தையல்:

அண்ணா, எனக்கு மெதுவா ஏறி மெதுவா இறங்கும். சாப்பிட்டு முடிச்சதும் 110, 115 வரைக்கும் போகும். மாடிப்படி ஏறினா இன்னும் மோசம். சாப்பிட்டா ரத்தம் வயித்துப் பக்கம் கூடுதலா போகும், அதனால எல்லாருக்குமே நெஞ்சு கொஞ்சம் வேகமாத்தான் அடிக்கும்னு சொல்லி ஒரு டாக்டர் அனுப்பிட்டார். அது நிஜம்தான். ஆனா எனக்கு ஏன் இவ்வளவுன்னு அவர் கேக்கல.

வேற ஒரு லேடி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தாங்க, மாசாமாசம் எத்தனை நாள் போகுதுன்னு கேட்டாங்க. ரத்தம் (ஹீமோகுளோபின்) 7.8 தான் இருந்தது. தைராய்டும் பார்த்தாங்க, அது சரி. இரும்பு மாத்திரை குடுத்தாங்க. அது வயித்தைப் புரட்டும், கறுப்பா போகும், அது வேற கதை. மாத்திரையும் டீயும் சேர்த்துக் குடிக்கக் கூடாதாம், டீ இரும்பை உடம்புல சேர விடாது. நான் அதைத்தான் ரெண்டு மாசம் பண்ணிட்டு இருந்தேன்.

இன்னொன்னையும் மறைக்காம சொல்றேன். வீட்டுக்காரருக்கு எக்ஸ்பிரஸ் ரோட்டுல விபத்து ஆனதுல இருந்து போன் அடிச்சாலே வயித்துல புளியைக் கரைக்கும். அப்போ என்னை அறியாமலே காத்தை முழுங்குவேனாம், அதான் ஏப்பமா வரும். வயிறு உப்பினா நெஞ்சு அடிக்கும், நெஞ்சு அடிச்சா பயம், பயத்துல மறுபடி காத்து. மாத்திரைல ரத்தம் கூடினதும் படபடப்பு பாதி போச்சு. மீதி, ராத்திரி தையல் வேலையை நிறுத்தித் தூங்க ஆரம்பிச்சதும் குறைஞ்சது. முழுசா போகல.

காசிமேடு:

எங்க நைனா ஏலத்துக்குப் போயிட்டு விடியக்காலைல வந்தாரு. நெஞ்சு கரிக்குது, வேர்க்குது, வாந்தி வர மாதிரி இருக்குதுன்னாரு. கேஸுன்னு சோடா குடுத்தோம். ஏப்பம் விட்டாரு. கொஞ்சம் தேவலாம்னு படுத்தாரு. அப்படியே போயிட்டாரு. சுகர் இருந்துச்சு அவருக்கு. எனக்கு இன்னாத்தான் வேகஸ்னு தெரியாது. யாருக்காவது வேர்த்துக்கினு நெஞ்சு கரிச்சா சோடா வாங்க ஓடாதீங்க, 108க்கு அடிங்க.

ஓய்வுபெற்ற நர்ஸ், ராயபுரம்:

காசிமேடு தம்பி, உங்கள் வீட்டில் நடந்ததை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். இதயத்தின் கீழ்ப்பக்கம் அடைப்பு வந்தால் வயிற்றுக் கோளாறு மாதிரியேதான் காட்டும். சர்க்கரை இருப்பவர்களுக்கு வலியே தெரியாமலும் போகும். உங்கள் மேல் தப்பில்லை.

திருவொற்றியூர் தம்பி சொன்ன வேகஸ், மூளைத்தண்டில் இருந்து கழுத்து, இதயம், இரைப்பை, குடல் வரை போகிற பத்தாவது கபால நரம்பு. மூளையில் இருந்து கீழே வருவதைவிட, வயிற்றில் இருந்து மேலே போகும் சேதிதான் அதில் அதிகம். வயிற்று வாயுவுக்கும் இதயத் துடிப்புக்கும் உள்ள தொடர்பை ரோம்ஹெல்ட் என்கிற ஜெர்மன் டாக்டர் நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார். ஆக, அம்மா சொன்னது முழுப் பொய் இல்லை.

நம் ஊரில் இன்னொரு குழப்பம். ஊசி போடும் ரத்தக் குழாயும் நரம்புதான், காலில் இழுத்துப் பிடிப்பதும் நரம்புதான், மனசு சரியில்லை என்றாலும் நரம்புதான். "நரம்பு வீக்" என்று யாராவது சொன்னால் எது என்று திருப்பிக் கேளுங்கள்.

படபடப்பு வந்தால் மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சீராக ஓடுகிறதா, தாறுமாறாக ஓடுகிறதா என்றும் கவனியுங்கள். கழுத்து நரம்பை (பாருங்கள், நானும் நரம்பு என்றுதான் சொல்கிறேன்) நீங்களாக அமுக்காதீர்கள், வயசானவர்களுக்கு அது ஆபத்து. எஸ்.வி.டி. என்று டாக்டர் உறுதியாகச் சொன்னவர்களுக்கு ஒரு முறை கற்றுத் தருவார்கள்: சாய்ந்து உட்கார்ந்து 15 விநாடி முக்கி ஊதி, உடனே மல்லாந்து படுக்க, இன்னொருவர் இரண்டு காலையும் 15 விநாடி தூக்கிப் பிடிப்பது. 2015-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், உட்கார்ந்தபடி வெறுமனே முக்கியவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் சரியான துடிப்பு திரும்பியது. இப்படிக் காலைத் தூக்கியவர்களில் 43 சதவீதம்.

மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் 'கேஸ் காப்ஸ்யூல்' பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். டோம்பெரிடோன் (வாந்தி, குமட்டலுக்குத் தரும் மருந்து) கலந்திருந்தால், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. துடிப்பைச் சரிபண்ண வாங்கும் மாத்திரையே துடிப்பைக் கெடுக்கலாம்.

திருவொற்றியூர்க்காரன்:

சிஸ்டர், நான் மூணு வருஷம் தின்ற காப்ஸ்யூலில் அது இருந்தது. இப்போதுதான் பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

ஆறு மாசம் முன்னால் அப்லேஷன் பண்ணிக்கொண்டேன். தொடை இடுக்கு வழியாக ஒயர் விட்டு அந்த ரெண்டாவது வழியைச் சுட்டுவிட்டார்கள். மறுநாள் வீடு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அந்த 188 வரவில்லை. ஆனால் ராத்திரி லேட்டாகச் சாப்பிட்டுப் படுத்தால் 'தொபுக்'கென்று ஒரு துடிப்பு தப்பி வருவது இன்னும் இருக்கிறது. வயிறு உப்புவதும் இருக்கிறது. மொச்சை மட்டும் திரும்பி வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற நர்ஸ், ராயபுரம்:

நல்லது தம்பி. அந்த 188 இ.சி.ஜி. காகிதம் பத்திரமாக இருக்கிறதா? அது சூடு பட்டாலே கறுத்துப்போகும், பீரோவில் கிடந்தாலும் மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், லேமினேஷன் மட்டும் பண்ணிவிடாதீர்கள், சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும்.

திருவொற்றியூர்க்காரன்:

லேமினேஷன் பண்ணிட்டேன் சிஸ்டர். கறுப்பாத்தான் இருக்கு. நல்லவேளை, அன்னிக்கே மச்சான் போனில் படம் எடுத்து வச்சிருந்தான்.