அணைந்துபோன பர்னரும் இரண்டாவது பொறியும்

பிளேனோவாசி (டெக்சாஸ்)

புருவம் வளர்ந்துவிட்டது. விஷயம் மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கொல்லைப்புறத்தில் ஃபயர் பிட், அதாவது சுற்றி உட்கார்ந்து குளிர்காயும் கேஸ் தீக்குழி. கல் வளையம் நானே அடுக்கியது, பர்னர் இணையத்தில் வாங்கியது. 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் கண்ணில் படக்கூடாது என்று அதையும் கல் வளையத்துக்குள்ளேயே ஒரு ஓரமாக வைத்திருந்தேன். கையால் பற்றவைக்கும் வகை. தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் அமைப்பு அதில் கிடையாது. விலை குறைவு என்று வாங்கினேன். யாராவது சொல்லிக்காட்டும் முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நவம்பர், சனிக்கிழமை மாலை, நல்ல காற்று. வால்வைத் திறந்து லைட்டரை நீட்டினேன். பற்றியது, உடனே அணைந்தது. வால்வை மூடவில்லை. லைட்டரைச் சட்டையில் துடைத்து, ஊதி, இரண்டு முறை சொடுக்கிப் பார்த்து, மறுபடி குனிந்தேன். அரை நிமிடம் இருக்கும்.

வெடிச்சத்தம் என்று சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்தில் பெரிய ஜமுக்காளத்தை இரண்டு பேர் சேர்ந்து உதறினால் ஒரு 'தொம்' கேட்குமே, அதுதான். நீலமாக ஏதோ வளையத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்து, புல்லின் மேல் முழங்கால் உயரத்துக்கு ஓடி, இல்லாமல் போனது. முகத்தில் சூடு. தலைமுடி கருகும் வாசனை.

எனக்கு நேர் எதிரே விளிம்பில், மார்ஷ்மெல்லோ செருகிய குச்சி ஒன்று கிடந்தது. ஆறு வயது மகள் அதை அங்கே வைத்துவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளப் பாட்டி கூப்பிட்டார் என்று உள்ளே போயிருந்தாள். மார்ஷ்மெல்லோ ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தது.

இங்கே யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

உறைபனி (ஊட்டி)

நடந்தது. ஆனால் கதை வேறு.

நாங்கள் நான்கு அறைகள் கொண்ட சிறிய விடுதி வைத்திருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும். விருந்தினர்கள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, நெருப்பு மூட்டுவீர்களா என்பதுதான். விறகு ஈரம், புகை, அடுத்த வீட்டாரின் முறைப்பு. அலுத்துப்போய் கேஸுக்கு மாறினோம். 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டுக்குக் கொடுக்கும் 14.2 கிலோவை இதற்கு வைப்பது சட்டப்படி தவறு என்பது தெரியும்.

எங்கள் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாக மறுக்கும். இரவு பத்து மணிக்குத் தீ சுருங்கிச் சுருங்கி அகல் விளக்குத் திரி மாதிரி ஆகிவிட்டது. எங்களிடம் வேலை செய்யும் தம்பி, நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், "அண்ணா, இப்படிச் செய்தால் கடைசி வரைக்கும் வரும்" என்று சிலிண்டரைப் படுக்க வைத்துவிட்டான்.

ஆவி வரவேண்டிய குழாயில் திரவம் வந்தது. தீ ஒரே எழும்பாக ஓட்டு விளிம்பைத் தொட்டது. அதைவிட, பர்னரிலிருந்து எரிகிற துளிகள் தெறித்துச் சிமெண்டுத் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே தனித்தனியாக எரிந்தன. கார்த்திகைக்கு முற்றத்தில் அகல் வைத்தது போல இருந்தது. விருந்தினர் ஒருவர் ஏதோ வேடிக்கை காட்டுகிறோம் என்று நினைத்துக் கைதட்டினார். அந்தக் கைதட்டல்தான் இன்றும் காதில் இருக்கிறது.

மார்க்கம் ராசாத்தி (ஒன்ராறியோ)

பிளேனோவாசி, குறை நினைக்க வேண்டாம். கேஸைத் திறந்துவிட்டு நெருப்பைத் தேடியது பிழை. நெருப்பை முதலில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கேஸை மெல்லத் திறக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மா குசினியில் சொல்லித் தந்த முதற்பாடமே அதுதான்.

எங்கள் பின்வளவில் நடந்தது கல் விவகாரம். ஃபயர் பிட்டுக்கு என்று விற்கிற கண்ணாடிச் சில்லு விலை கூட என்று, என் கணவரின் தமையன் ஒரு வாளி நிறையக் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் எடுத்தது. கழுவி வைத்தால் நல்ல வடிவு. கறுப்பு, சாம்பல், இடையிடையே வெள்ளைக் கோடு. பர்னரின் மேல் பரப்பி, கதிரைகளைச் சுற்றிப் போட்டு, கொத்து ரொட்டியும் வந்துவிட்டது.

இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். யாரோ விரலை நெட்டி முறித்ததாக நினைத்தோம். அடுத்தது துவக்குச் சத்தம் மாதிரி. எங்கள் வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று இங்கே சிலருக்கு விளங்கும். மாமியார் கதிரையை விட்டு எழும்பவில்லை, நேரே நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். எழுபத்திரண்டு வயது. சூடான கல் சில்லு ஒன்று தமையனாரின் மடியில் விழுந்து காற்சட்டையைத் துளைத்தது. அதைப் பிறகு பகிடியாகக் கதைத்தோம். மாமியார் படுத்ததை ஒருவரும் கதைக்கவில்லை.

விறகுக்கட்சி

இதற்குத்தான் சொல்கிறேன், விறகே மேல். விறகு வெடித்து யாருக்கும் புருவம் போனதில்லை.

மார்க்கம் ராசாத்தி

தம்பி, எங்கள் நகரங்களில் பல இடங்களில் பின்வளவில் விறகு எரிக்கவே அனுமதி கிடையாது அல்லது தனி அனுமதி வாங்க வேண்டும். தெரியாமல் சொல்லாதீர்கள். தீப்பொறி பறந்து வேலி எரிந்த வீட்டையும் எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

சோப்புநுரை (எட்மன்டன்)

கேஸ் குழாய் வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். என் கதை இரண்டு வரிதான். ஒரு வீட்டில் இயற்கை எரிவாயுவுக்கான பர்னரில் நாசிலை, அதாவது கேஸ் வெளிவரும் சிறு துளை முனையை, மாற்றாமல் புரொப்பேனைக் கொடுத்திருந்தார்கள். தீ ஆளுயரம் எழும்பிக் கரும்புகை கக்கியது. வீட்டுக்காரர் "நல்ல சக்தி வாய்ந்த பர்னர்" என்று பெருமையாகக் காட்டினார்.

இனி மற்றவர்களுக்கு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

பிளேனோவாசிக்கு: லைட்டர் வரிசையை ராசாத்தி அக்கா சொன்னது சரி. ஆனால் உங்கள் வீட்டில் நடந்ததற்கு அது பாதிக் காரணம்தான். புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். தண்ணீரைப் போலப் பள்ளத்தைத் தேடிப்போய்த் தேங்கும். நீங்கள் அடுக்கியது கல் வளையம் அல்ல, தொட்டி. அடியில் எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் துளைகள் வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 18 சதுர அங்குலம், அதாவது மூன்றுக்கு ஆறு அங்குலக் கல் ஒன்றை உருவி எடுத்தால் போதும். இயற்கை எரிவாயு என்றால் அது இலேசு, மேலே போகும். அப்போது துளை மேல்பக்கம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே விதி என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தீ அணைந்தால் வால்வை மூடிவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். காற்றடித்தாலும் ஐந்து நிமிடம்தான்.

புரொப்பேன் ஒரு கன அடிக்கு ஏறத்தாழ 2,500 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும், இயற்கை எரிவாயு ஏறத்தாழ 1,000. நாசிலின் துளை அளவு அதற்குத் தக்கபடிதான் இருக்கும். கேஸை மாற்றினால் நாசிலையும் ரெகுலேட்டரையும் மாற்றாமல் தொடாதீர்கள்.

மரையில் சுற்றுவது மஞ்சள் டேப். வெள்ளை டேப் தண்ணீர்க் குழாய்க்கு. விரிந்த வாய் கொண்ட ஃபிளேர் இணைப்பில் எந்த டேப்பும் சுற்றக்கூடாது. உலோகமும் உலோகமும் அழுந்தித்தான் அது அடைபடும், டேப் சுற்றினால் அதுவே கசிவுக்கு வழி. இதை அனுபவசாலிகள் என்று சொல்லிக்கொள்பவர்களே தவறாகச் செய்கிறார்கள். எல்லா இணைப்பிலும் சோப்புத்தண்ணீர் பூசிப் பாருங்கள். நுரை பெருகினால் கசிவு. தீக்குச்சி காட்டிச் சோதிக்கும் பெரியப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பர்னர் விசில் அடித்தால் பயப்பட வேண்டாம். சுருள் குழாய் அதிகமாக வளைந்திருக்கும், நேராக்குங்கள். குளிர்காலம் முடிந்து முதல் தடவை பற்றவைக்கும் முன் காற்றுக் கலக்கும் குழாயைப் பாருங்கள். சிலந்தி அங்கே கூடு கட்டும், தீ பின்பக்கமாக எரியத் தொடங்கும். கூழாங்கல்லுக்குப் பதில் லாவா கல் (எரிமலைக் கல்), அதையும் ஈரமில்லாமல் போடுங்கள், அதுவும் ஈரமாக இருந்தால் தெறிக்கும். மழைநீர் வடிய அடியில் துளை, பயன்படுத்தாத நேரத்தில் மூடி.

குளிரில் தீ சுருங்குவதற்கு ஊட்டிக்காரர் சொன்ன காரணம் சரி. அதோடு இன்னொன்று: பெரிய பர்னர் சிலிண்டரைத் தானே குளிர வைக்கும். 60,000 பி.டி.யு. பர்னர் 20 பவுண்டு சிலிண்டரை ஏழு மணி நேரத்தில் காலி செய்துவிடும். அந்த வேகத்தில் ஆவியாகும்போது சிலிண்டரின் உடம்பிலேயே பனி படியும். படுக்க வைப்பது, வெந்நீர் ஊற்றுவது, எதுவும் வேண்டாம். பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள் அல்லது போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள். சிலிண்டருக்கு அல்ல, உங்களுக்கு.

உறைபனி

ஐயா, நான் வெந்நீர் ஊற்றியதாக எங்கே சொன்னேன்? படுக்க வைத்ததும் நான் அல்ல.

சோப்புநுரை

ஊற்றுவார்கள். உங்கள் தம்பி அடுத்த டிசம்பரில் ஊற்றுவார்.

வேலியோரம் (நியூ ஜெர்சி)

இவ்வளவு நேரமும் சிலிண்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது மண்ணுக்குள்.

மீட்டரிலிருந்து ஃபயர் பிட் வரை குழாய் இழுக்கப் பள்ளம் தோண்டினேன். குழாய் போட லைசென்ஸ் உள்ள ஆள் வருவார், பள்ளம் மட்டும் நான் வெட்டினால் கூலி மிச்சம். தோண்டுவதற்கு முன், மண்ணுக்குள் இருக்கும் குழாய்களைக் குறித்துக்காட்டும் 811 சேவையை அழைத்தேன், சில நாட்களில் வந்து கேஸ் குழாய் போகும் இடத்தில் மஞ்சள் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். கொடி இல்லாத இடத்தில்தான் வெட்டினேன்.

மண்வெட்டி ஏதோ மெத்தென்ற ஒன்றில் இறங்கியது. வேர் என்று நினைத்து இன்னொரு போடு போட்டேன். பிறகு அந்தச் சத்தம். சைக்கிள் டியூப் காற்றுப்போவது போல ஆரம்பித்து, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெரியவர், வாயில் சிகரெட்டோடு, "என்ன சத்தம்?" என்று எட்டிப் பார்த்தார்.

அவரைப் பார்த்து நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. தமிழில் கத்தினேன் என்று மனைவி சொல்கிறாள். அந்த மனிதருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் சிகரெட்டைக் கையில் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்து ஓடினார். நாங்களும் விளக்கு ஸ்விட்ச் எதையும் தொடாமல் தெருமுனைக்குப் போய்த்தான் 911ஐ அழைத்தோம். தீயணைப்பு வீரர்கள் வந்து மீட்டரில் அடைத்தார்கள்.

முந்தைய வீட்டுக்காரர் பார்பிக்யூ அடுப்புக்கு இழுத்த பழைய குழாய் அது. மீட்டருக்குப் பிறகு வீட்டுக்காரர் போட்டுக்கொண்ட குழாய்களுக்கு 811காரர்கள் கொடி நடுவதில்லை. இந்த ஒரு விவரம் எனக்குத் தெரியாது. பெரியவரின் உள்ளங்கையில் சிறிய தழும்பு இருக்கிறது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

விறகுக்கட்சி

விறகுக்குக் குழாய் தோண்ட வேண்டியதில்லை.

சார்லட்_சுந்தரி

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, சுவர்தான் போனது. குளிராக இருக்கிறது என்று ஃபயர் பிட்டைச் சுவரோரம் நகர்த்தினோம். மறுநாள் காலையில் வெளிச்சுவரின் வினைல் (பிளாஸ்டிக்) பலகைகள் அப்பளம் போல நெளிந்து தொங்கின. பத்து அடி தள்ளி வைக்கச் சொல்லிப் பெட்டியிலேயே எழுதியிருந்தது. பெட்டியை நாங்கள் அன்றே மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டோம்.

மார்க்கம் ராசாத்தி

சோப்புநுரை எழுதியதை என் கணவர் வாசித்துவிட்டு, எல்லாவற்றையும் தானே செய்துவிடலாம் என்கிறார். உங்கள் புண்ணியம். ஒன்ராறியோவில் கேஸ் குழாயைத் தொடுவதற்கு டி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணப் பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் உள்ள ஆள்தான் வேண்டும் என்று நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். சொல்லிவிடுங்கள்.

சோப்புநுரை

அண்ணா, தொடாதீர்கள். நான் எழுதியது, வருகிற ஆள் ஒழுங்காகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு. வேலை முடிந்ததும் பிரஷர் கேஜ் மாட்டி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். "அவசரம், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அவர் கேஜைப் பைக்குள் போட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

பிளேனோவாசி, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு எழுதினீர்கள், சிலிண்டர் இப்போது எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை.

பிளேனோவாசி

நீங்கள் கேட்டிருந்ததைப் படித்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். வளையத்துக்குள்ளேயேதான் இருந்தது. அன்று தார்ப்பாய் போட்டு மூடியவன் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. தார்ப்பாயை எடுத்தால் குச்சியும் அங்கேயே கிடக்கிறது, மார்ஷ்மெல்லோவை எறும்பு தின்றுவிட்டது. சிலிண்டரைத் தூக்கி வேலியோரம், நிழலில், நிமிர்த்தி வைத்திருக்கிறேன். இரண்டு கல்லை உருவியாயிற்று. மூன்றாவது அசைய மறுக்கிறது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.