மியூக்கிப் பாலத்துப் படம்

முதல் பதிவு

ஹிரோஷிமாவின் மியூக்கிப் பாலத்தருகே ஹிரோஷிமாப் பத்திரிகைப் புகைப்படக்காரர் மட்சுஷிகே எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பலகையாக நிறுத்தியிருக்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று, அணுகுண்டு விழுந்து ஏறத்தாழ 3 மணி நேரத்தில் எடுத்தது. தீக்காயத்துக்குச் சமையல் எண்ணெய் தடவிக்கொள்ளக் காத்திருப்பவர்கள், பெரும்பாலும் முதுகுகள். அதிலுள்ள பள்ளி மாணவியின் சீருடைக் கழுத்துப்பட்டையைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, டிராமிலிருந்து இறங்கிய ஒரு சிறுமி, ஏறக்குறைய அதே கழுத்துப்பட்டையோடு, எனக்கு முதுகைக் காட்டியபடி சிக்னலுக்காக நின்றாள். படமெடுக்கத் தூக்கிய கைப்பேசியை இறக்கிவிட்டேன். மட்சுஷிகே ஏறத்தாழ 20 நிமிடம் ஷட்டரை அழுத்தாமல் நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுமொழி 1

புரிந்தது என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் எதிரே நின்றவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள். கண்ணீரில் வியூஃபைண்டரே மங்கிவிட்டது என்று பின்னாளில் சொன்னவர் அவர். நீங்கள் சுற்றுலாப் பயணி. தவிர, தயக்கத்தை மட்டுமே போற்றினால் புகைப்படக்காரர் யமஹாட்டாவை எங்கே வைப்பது? ராணுவம் அனுப்பிய அவர், குண்டு விழுந்த மறுநாளே நாகசாகியில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் ஒன்றில், சோற்றுருண்டையைப் பிடித்தபடி, முகத்தில் ரத்தத் தீற்றலோடு நேராக நம்மைப் பார்க்கும் சிறுவனை ஒரு கண்காட்சியில் கண்டேன். அன்று மதியச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அவரும் தயங்கியிருந்தால் அந்தச் சிறுவன் நமக்குக் கிடைத்திருக்க மாட்டான்.

மறுமொழி 2

இருவரும் ஃபிலிமை மறந்துவிட்டீர்கள். மட்சுஷிகே 7 முறை அழுத்தியதில் தேறியவை 5. அவற்றையும் இரவில் திறந்தவெளியில் டெவலப் செய்து ஓடை நீரில் அலசினார். நெகட்டிவ்கள் சிதைந்துபோய் 1970களில் சீரமைக்க வேண்டியதாயிற்று. ஸ்டூடியோ வைத்திருந்த எனக்கு, அந்தப் படத்தில் முதலில் கண்ணில் பட்டவை கீறல்களும் கறைகளும்தான். எனவே, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: வீட்டிலுள்ள பழைய நெகட்டிவ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்பு பீரோவில் பூட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும், அமிலமற்ற காகித உறையில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வைத்து, விளிம்பை மட்டும் தொட்டு எடுங்கள், சிதையத் தொடங்கி வினிகர் வாடை அடிக்கும் சுருளை மற்றவற்றோடு சேர்த்து வைக்காமல் முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.