சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர், பிடுங்கலாமா? அவசரம்

கோரையாற்றுக்கரை:
வணக்கம். காரின் முன் சீட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்று போல்ட் வந்துவிட்டது. நான்காவதற்குக் குனிந்தபோதுதான் அடியில் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டது. அதைப் பிடுங்கினால் வெடிக்கும் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். உண்மையா? வியாழக்கிழமை அப்பாவைப் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போக வேண்டும். விரைவாகச் சொல்லுங்கள்.

நாகை உப்புக்காற்று:
என்ன கார்? எந்த ஆண்டு? வலப்பக்கச் சீட்டா, இடப்பக்கமா? எதற்காகக் கழற்றுகிறீர்கள்? பேட்டரி இணைப்பை எடுத்தாயிற்றா? ஒன்றையுமே சொல்லவில்லையே தம்பி.

திருவையாறு ஏசி:
சொல்லாவிட்டாலும் தெரிகிறது. இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் ஈரம், நாற்றம், அதற்காகத்தானே? ஏசியின் வடிகால் குழாய் அடைத்திருக்கும். காற்றிலுள்ள ஈரம் நீராகி அந்தக் குழாய் வழியாகத் தரையில் சொட்ட வேண்டும். தூசியும் சருகும் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கிக் கம்பளத்தை நனைக்கும். சீட்டைத் தொடாதீர்கள். ஏசியை அரைமணி நேரம் ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

மாயவரம் மூத்தவர்:
மஞ்சள் நிறம் எதற்கு என்று தெரியாதவர் ஸ்பேனரையே எடுத்திருக்கக் கூடாது. ஏர்பேக் இணைப்புகளை மஞ்சளில் வைப்பது அழகுக்காக அல்ல. இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை.

கோரையாற்றுக்கரை:
மன்னிக்கவும். ஹூண்டாய் ஐ20, 2021, ஆஸ்டா ஆப்ஷனல் என்ற வகை. இடப்பக்க முன் சீட்டு. மழையில் வாய்க்கால் வழிந்து வாசலில் நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சேற்றுத் தண்ணீர், ஏசித் தண்ணீர் இல்லை. கம்பளத்தை எடுத்துக் காயவைக்க வேண்டும். பேட்டரியை எடுக்கவில்லை, இக்னிஷன் ஆனில்தான் இருக்கிறது. ஏர்பேக் ஸ்டீயரிங்கிலும் டேஷ்போர்டிலும்தானே இருக்கும்? சீட்டுக்குள் எப்படி?

பாபநாசம் பட்டறை:
தம்பி, முதலில் கையை எடுங்கள். இக்னிஷனை அணையுங்கள். அணைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் வண்டியில் ஆறு ஏர்பேக். முன்னால் இரண்டு. கூரை ஓரத்திலிருந்து திரைபோல இறங்குபவை இரண்டு. மீதி இரண்டும் முன் சீட்டுகளின் முதுகில், கதவை ஒட்டிய பக்கத்தில் இருக்கின்றன. பக்கவாட்டில் மோதினால் கதவுக்கும் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. அதனால் அந்தப் பை முன்பக்கப் பையைவிட வேகமாக விரிய வேண்டும். அதை விரியவைப்பதும் ஒரு சிறு வெடிமருந்துதான். அந்தப் பையன் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, திரும்பத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். உடனே வேலையில் இறங்கக் கூடாது. மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கி இருக்கிறது. அதிலுள்ள மின்சாரம் வடிய வேண்டும். டொயோட்டா 90 விநாடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. நான் எந்த வண்டியானாலும் கால் மணி நேரம் காத்திருப்பேன், ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். பிறகு வண்டியின் வெறும் இரும்பில் கையை வைத்து உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். கனெக்டரின் பூட்டை விலக்கிவிட்டுப் பிடியைப் பிடித்து இழுங்கள், வயரை இழுக்காதீர்கள். பெல்ட் பூட்டுக்குப் போகும் வயரையும் இருக்கையில் ஆள் இருப்பதை உணரும் வயரையும் மறக்காமல் கழற்றுங்கள்.

மல்டிமீட்டரை வைத்து அந்த மஞ்சள் கனெக்டரைச் சோதிக்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே மருந்தைப் பற்றவைக்கலாம். சீட்டைத் தூக்கும்போது பை இருக்கும் பக்கம் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. தரையில் நிமிர்த்தி வையுங்கள், அந்தப் பக்கம் கீழே படும்படி சாய்க்காதீர்கள். எல்லா இணைப்பையும் திரும்ப மாட்டும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள்.

கோரையாற்றுக்கரை:
அணைத்துவிட்டேன். நன்றி அண்ணா. சீட்டு முழுவதும் தடித்த கவர் போட்டிருக்கிறது, அதனால்தான் ஏர்பேக் என்ற எழுத்தே தெரியவில்லை.

மாயவரம் மூத்தவர்:
அங்கேதான் பிழை தொடங்கியது. பை கிழித்துக்கொண்டு வரவேண்டிய தையலை நீங்களே காசு கொடுத்து மூடியிருக்கிறீர்கள்.

குடந்தைத் தையல்:
எல்லாக் கவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் ஐயா. பக்கப் பை உள்ள சீட்டுக்கு அந்த இடத்தைத் திறந்தே விட்டுத் தைக்கிறோம், அல்லது எளிதில் விலகும் நூலைப் போடுகிறோம். தம்பி எங்கே வாங்கினாரோ, ஆயத்தக் கவராக இருக்கும்.

மாயவரம் மூத்தவர்:
எளிதில் விலகும் என்பது உங்கள் கணிப்பு. எந்த மோதல் சோதனையில் உங்கள் நூலைச் சோதித்தீர்கள்? கார் நிறுவனம் சீட்டோடு சேர்த்துச் சோதித்த தையல் வேறு, நீங்கள் போடுவது வேறு.

குடந்தைத் தையல்:
சரி, நூலை விடுங்கள். திறந்தே விட்டால் என்ன குறை? சித்திரை வெயிலில் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் துணிக் கவர் கேட்டுத்தான் வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பினால் ஆயத்தக் கவரைத்தான் வாங்கி மாட்டுவார்கள். அது இதைவிடக் கேடு.

நாகை உப்புக்காற்று:
கவர் பற்றிப் பேச மன்றத்தில் தனி இழை தொடங்குங்கள். தம்பி, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது? ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் முன் சீட்டுகளுக்கு நடுவேயுள்ள கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கும். நனைந்திருந்தால் இன்று வேலை செய்யும், கனெக்டர் ஊசிகளில் பச்சை பூத்து ஒரு மாதம் கழித்துத் தகராறு செய்யும். கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்திருக்கிறேன்.

திருவையாறு ஏசி:
சேறு உள்ளே வந்திருந்தால் வடிகால் குழாயிலும் ஏறியிருக்கும். அதையும் பாருங்கள்.

கோரையாற்றுக்கரை:
சீட்டை வெளியே எடுத்தேன். தண்ணீர் கணுக்கால் அளவுதான், கன்சோலுக்கு அடியில் காய்ந்தே இருக்கிறது. கம்பளத்தின் கீழுள்ள பஞ்சைப் பிழிந்தால் சொட்டியது. நெல் களத்தில் விரித்தேன், மறுபடி தூறல். திறந்திருந்த கார்க் கண்ணாடியை ஏற்றுவதற்காக பேட்டரியை மாட்டி ஒருமுறை ஆன் செய்துவிட்டேன். இப்போது சீட்டை மாட்டிய பிறகும் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை.

மாயவரம் மூத்தவர்:
எல்லாம் மாட்டும்வரை பேட்டரியைத் தொடாதே என்று மேலே எழுதியிருந்ததைப் படித்தீர்களா?

பாபநாசம் பட்டறை:
கண்ணாடியை முன்பே ஏற்றச் சொல்லாதது என் தவறு தம்பி. மழைக்காலத்தில் அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சீட்டு இணைப்பு இல்லாமல் ஆன் செய்ததால் பெட்டி அதைப் பிழை என்று பதிந்துகொண்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போகும் என்று நம்ப வேண்டாம். ஏர்பேக் பிழையைப் படித்து அழிக்கும் ஸ்கேனர் வேண்டும், எஞ்சினை மட்டும் பார்க்கும் மலிவு விலைக் கருவி போதாது. அழிக்கும் முன் மஞ்சள் கனெக்டர் முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று பேட்டரியை எடுத்துவிட்டு, காத்திருந்து, பாருங்கள். விளக்கு அணையும்வரை மோதலில் பை விரியும் என்று நம்பி ஓட்டாதீர்கள்.

கோரையாற்றுக்கரை:
மன்னார்குடியில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் இருந்தது. கனெக்டரின் பூட்டு பாதிதான் விழுந்திருந்தது. சரிசெய்து அழித்தார்கள், விளக்கு அணைந்துவிட்டது. கவரைக் கழற்றிவிட்டேன். தஞ்சாவூர் போய் வந்தோம், அப்பாவுக்கு ஒன்றுமில்லை. எல்லோருக்கும் நன்றி.

திருவையாறு ஏசி:
மகிழ்ச்சி. வடிகால் குழாயைப் பார்த்தீர்களா?