கடற்கரை உயர்தரமாகணுமா, எல்லோருக்கும் எட்டணுமா? உங்களை இன்னும் உறுத்தும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

உப்புக்காற்று

2021-ல் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்கும் புதுச்சேரி ஈடன் கடற்கரைக்கும் நீலக்கொடி (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) கிடைத்ததிலிருந்து ஈசிஆர், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இதே பேச்சுதான். வேலி போடலாம், மூங்கில் குடை வைக்கலாம், டிக்கெட் போடலாம், நல்ல கூட்டம் வரும். இதில் "நல்ல கூட்டம்" என்றால் யார் என்று கேட்டால் மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். டிக்கெட் வாங்கி உள்ளே போகிற கடற்கரை. மேல்மருவத்தூர் போய்விட்டுத் திரும்புகிற ஒரு வேன் வந்து நின்றது, எல்லோரும் சிவப்புப் புடவை. டிக்கெட் காசு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், அதில் ஒரு தகராறும் இல்லை. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று காவலாளி நிறுத்திவிட்டார். "இலையெல்லாம் நாங்களே பொறுக்கி எடுத்துட்டுப் போயிடுறோம் தம்பி" என்று ஒரு பெரியம்மா கேட்டுப் பார்த்தார். காவலாளியும் பாவம், "எனக்கு என்ன சொல்லியிருக்காங்களோ அதானேம்மா" என்றார். சரி என்று வெளியே மதில் ஓரமாகப் பாயை விரித்துவிட்டார்கள். நிழல் அந்தப் பக்கம் மட்டும்தான். அங்கே உட்கார்ந்தால் கடல் முதுகுக்குப் பின்னால் போய்விடும். கடல் பார்க்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு புளிசாதம் சாப்பிட்டார்கள். அப்புறமும் பாதிப் பேர்தான் உள்ளே வந்தார்கள். மீதிப் பேர் பாத்திரத்துக்குக் காவல்.

கடற்கரை சுத்தமாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த மதில் ஓர வரிசை கண்ணை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

செங்கல்பட்டு சித்தி

எனக்கு நேர் எதிரான அனுபவம். சொல்லியே ஆகணும்.

காணும் பொங்கல் அன்றைக்கு மெரினா. எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். போலீஸ் குழந்தைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடும் அளவுக்குக் கூட்டம். குளிக்கத் தடை இருந்தாலும் அலை வந்து நனைத்துவிடுகிறது, ஈரத்தோடு எத்தனை நேரம் நிற்பது? என் அக்கா மகள் அப்போதுதான் வயசுக்கு வந்திருந்தாள். நாலு பெண்கள் சுற்றி நின்று புடவையை விரித்துப் பிடித்தோம், நடுவில் அவள் உடை மாற்றினாள். காற்று அடித்துப் புடவை ஒரு பக்கம் தூக்கிவிட்டது. பத்தடி தள்ளி ஒருவன் போனை இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அவள் அழவில்லை, ஈரப் பாவாடையோடு அப்படியே உறைந்து உட்கார்ந்துவிட்டாள். வீடு வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு டிக்கெட் வாங்கிப் போகிற ஒரு கடற்கரைக்கு அதே பெண்ணைக் கூட்டிப்போனோம். உடை மாற்றும் அறைக்குள் போய் அவள் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

உப்புக்காற்று, வெளியே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் "எல்லோருக்கும் திறந்த கடற்கரை" என்று பேசும்போது அதில் பெண்களை யாரும் எண்ணுவதில்லை. கழிப்பறை இல்லாத கடற்கரை எங்களுக்குத் திறந்த கடற்கரை இல்லை. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறோமே, அது எதனால்?

குப்பத்துப் பிள்ளை

சித்தி, தாழ்ப்பாள் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. அது ஏன் டிக்கெட்டோடு மட்டும் வருகிறது என்பதுதான் கேள்வி.

நாங்கள் கடலோரத்து ஆட்கள். எங்கள் சித்தப்பா கரைவலை இழுக்கிறவர். எங்கள் கரைக்குத் தெற்கே புதிதாக விளக்கு, பெஞ்ச் எல்லாம் போட்டார்கள். ஒரு நாள் காலை அங்கே நெத்திலி காயப்போட்டிருந்தார், அவருடைய அப்பா காலத்திலிருந்து காயப்போடுகிற இடம். சீருடை போட்ட ஒரு சின்னப் பையன் வந்தான். "தாத்தா, விருந்தாளிங்க நாத்தம்னு சொல்றாங்க, கொஞ்சம் எடுத்துடுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை, திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். ஒன்றும் பேசாமல் பாதி காய்ந்த மீனை அப்படியே சாக்கில் அள்ளினார். மழைக்கு முந்தின வெயில் அது, மறுநாள் கிடைக்காது. அந்தச் சாக்கு மீன் கோழித் தீவனத்துக்குத்தான் போனது.

இது இன்றைக்கு நேற்று நடப்பது இல்லை. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரத்தையும் வலையையும் அகற்றப் போய்த் துப்பாக்கிச் சூடு வரை போனது, உயிர்கள் போயின. சுனாமிக்கு அப்புறம் 2005-ல், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் தள்ளிப் போனால்தான் அரசு செலவில் புது வீடு என்றார்கள். உயிருக்குப் பாதுகாப்பு என்று நிறையப் பேர் போனார்கள். அப்புறம் மத்திய அரசின் 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில், மக்கள் நெருக்கமாக வாழும் கிராமப்புறங்களில் புதிதாகக் கட்டடம் கட்டக் கூடாத 200 மீட்டர் 50 மீட்டராகக் குறைய வழி வந்தது. முதலில் எங்களைத் தள்ளிப் போகச் சொன்ன இடத்துக்கு இப்போது யார் வரப்போகிறார்கள்? உயர்தரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு ஏன் வயிறு கலங்குகிறது என்று இப்போதாவது புரியட்டும்.

மணல்வீடு கட்டியவள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு கடல் என்பது காருக்குள்ளிருந்து பார்க்கிற விஷயமாகிவிட்டது. மெரினா மணல் எவ்வளவு அகலம் என்று தெரியுமே, சக்கர நாற்காலி அதில் நாலு அடி போகாது.

2022 நவம்பர் கடைசியில் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று மரப்பாதை திறந்தார்களே, 263 மீட்டர், அதில் கூட்டிப்போனோம். பலகையில் சக்கரம் உருளுகிற சத்தம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைசி வரைக்கும் போய் நிறுத்தினோம். தம்பி ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலில் கடல்நீர் பிடித்து வந்து அப்பா காலில் ஊற்றினான். வலது காலில் உணர்ச்சி கிடையாது. இடது காலில் ஊற்றினபோது விரல்களை மடக்கினார். அப்புறம் வலது காலைக் காட்டி "இதுலயும் ஊத்துடா" என்றார்.

அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் பாதை சேதமாகிவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். நான் சொல்ல வருவது, அதற்கு டிக்கெட் இல்லை. பக்கத்தில் சுண்டல் விற்கிறவர், ராட்டினம், குதிரை எல்லாம் அது பாட்டுக்கு இருந்தது. யாரையும் துரத்தாமல்தான் அப்பாவுக்கு வழி கிடைத்தது. நீலக்கொடிக்கு உள்ள 33 விதிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி ஒன்று. அந்த விதியை மட்டும் எல்லாக் கடற்கரைக்கும் எடுத்துக்கொண்டால் கொடியே இல்லாவிட்டாலும் எனக்குப் போதும்.

கல்பாக்கம் டவுன்ஷிப்

சின்ன விஷயம். 2019 அக்டோபரில் மோதியும் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரம் வந்து போனார்கள். ஊரே கழுவித் துடைத்த மாதிரி ஆனது. அதற்கப்புறம் பாறைச் சரிவில் நிற்கிற வெண்ணெய் உருண்டைக் கல்லுக்கும் 40 ரூபாய் டிக்கெட் வந்தது. 15 வயசுக்குள் இலவசம்.

ஒரு பாட்டியும் பேரனும் வந்தார்கள். பாட்டி விலையைக் கேட்டுவிட்டு, பேரனை மட்டும் உள்ளே அனுப்பினார். கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டு அவன் அந்தப் பாறைச் சரிவில் சறுக்குகிறதைப் பார்த்தார். அவன் ஒவ்வொரு தடவை சறுக்கி இறங்கியதும் வேலிக்கு ஓடி வந்து பாட்டியைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறினான். நான் டிக்கெட் எடுத்துத் தரட்டுமா என்றேன். "வேணாம்பா, எனக்கு இங்கேயே நல்லாத் தெரியுது" என்றார்.

சிற்பங்களைப் பாதுகாக்கப் பணம் வேண்டும், புரிகிறது. ஆனாலும்.

லாட்ஜ்காரர், மாமல்லபுரம்

எல்லோரும் ஒரு பக்கமே பேசுகிறீர்கள், தொழில் செய்கிறவன் பக்கமும் கேளுங்கள். சேலத்திலிருந்து ஒரு குடும்பம் ஒவ்வொரு மே மாதமும் எங்களிடம்தான் தங்கும். அறையெல்லாம் இடித்துக் கட்டி ஏசி போட்டபின் அந்த அண்ணன் வந்தார். வாடகைப் பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். விலை கேட்கவே இல்லை, "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி" என்று கிளம்பிவிட்டார். பேரம் பேசியிருந்தால் குறைத்திருப்பேன். அது இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது. ஆனால் இடிக்காமல் இருந்திருக்க முடியாது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து மேல்தளம் பொரிந்து விழுந்துகொண்டிருந்தது. கடலோரத்தில் கட்டடம் வைத்திருப்பவனுக்குத் தெரியும், பெயிண்ட் கூட இரண்டு மடங்கு செலவு. மலிவு வாடகையில் அதைச் சமாளிக்க வழியே இல்லை.

இப்போது என் யோசனை, ஊராட்சிக்காரர்கள் யாராவது படித்தால் எடுத்துக்கொள்ளட்டும். ஆளுக்கு டிக்கெட் போடாதீர்கள், காருக்குப் போடுங்கள். பார்க்கிங் கட்டணத்தைச் சனி ஞாயிறு நன்றாக ஏற்றுங்கள், மற்ற நாள் குறையுங்கள். கூட்டமும் பரவும், காசும் வரும். அந்தக் காசு தனிக் கணக்கில் இருக்க வேண்டும், பொதுக் கணக்கில் போனால் தெருவிளக்குக்குப் போய்விடும். கழிப்பறையைப் பெரிய ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் உள்ளூர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கொடுங்கள், வருகிறவர்கள் பெண்கள், பார்த்துக்கொள்கிறவர்களும் பெண்களாக இருக்கட்டும். தள்ளுவண்டிகளைத் துரத்தாதீர்கள், குடிநீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் அவர்கள் நிற்கிற இடத்துக்கே கொண்டுபோங்கள். குப்பை வண்டி காலையில் மட்டும் வருகிறது, ராத்திரி வர வேண்டும். காற்று தூக்கிக் கடலில் போடுவது ராத்திரியில்தான்.

விளக்கு விஷயம் முக்கியம். வெள்ளை வெளேர் என்று கடலைப் பார்த்து விளக்குப் போடாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமை ஏறி முட்டை போடுகிற கரை இது. குஞ்சு பொரிந்து வந்ததும் வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கேதான் ஓடும். நம் விளக்கைப் பார்த்து ரோட்டுக்கு வந்து செத்துப்போகிறது. விளக்கைத் தாழ்வாக, தரையைப் பார்த்து, மஞ்சளாகப் போடுங்கள், செலவும் குறைவு. அப்புறம் கடைசிப் பஸ். கடைசிப் பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளி விட்டாலே பாதிக் குடும்பங்கள் லாட்ஜ் எடுக்காமல் கடல் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகும். லாட்ஜ் வைத்திருக்கிறவனே இதைச் சொல்கிறேன்.

செங்கல்பட்டு சித்தி

கடைசிப் பஸ் விஷயத்தில் லாட்ஜ்காரருக்கு ஒரு கும்பிடு. சுயஉதவிக் குழு யோசனையும் நல்லது.

குப்பத்துப் பிள்ளைக்கு: நெத்திலி கதை படித்துவிட்டு ரொம்ப நேரம் மனசு சரியில்லை. ஆனாலும் நான் டிக்கெட் வேண்டும் என்று சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. இலவசமாகக் கட்டிய கழிப்பறைகளின் பூட்டை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம். காசு கொடுத்தால்தான் பராமரிக்கிறார்கள் என்பது என் கண்ணால் கண்டது. இலவசமாகவே ஒழுங்காக நடக்கிற இடம் ஒன்றைக் காட்டுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

பீச் ரோடு நடையர், புதுச்சேரி

காட்டட்டுமா? எங்கள் ஊருக்கு வாருங்கள். தினமும் சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டி கிடையாது. நடக்கக் காசு கிடையாது. பெரிய ஹோட்டலில் தங்குகிறவரும், கூலி வேலை முடிந்து வருகிறவரும் ஒரே கல் திட்டில்தான் உட்கார வேண்டும். கழிப்பறை பிரச்சினை இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பயமில்லாமல் பெண்கள் தனியாக ராத்திரி நடப்பதைப் பார்க்கலாம்.

மறக்க முடியாதது ஒன்று. 1989-ல் துறைமுகத் தடுப்புச்சுவர் வந்த பிறகு எங்கள் ஊர் மணல் போய்விட்டது, வெறும் பாறாங்கல்தான். கடலில் செயற்கைத் திட்டு போட்ட பிறகு தலைமைச் செயலகம் பக்கம் மணல் சேர ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் வயசான ஒரு அம்மா கல்லிலிருந்து இறங்கி அந்த மணலில் கால் வைத்தார், பின்னால் மகள் பிடித்துக்கொண்டு. "இங்கதான் உங்கப்பா என்னைப் பார்க்க வந்தாரு" என்று மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த மணலுக்கு ஒருவேளை வேலி போட்டிருந்தால் என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

குப்பத்துப் பிள்ளை

புதுச்சேரி அண்ணன், அந்தத் தடுப்புச்சுவருக்கு வடக்கே இருக்கிற மீனவர் ஊர்களில் வீடுகளே கடலுக்குப் போயிருக்கின்றன, அங்கேயும் ஒரு நாள் நடந்து பாருங்கள்.

லாட்ஜ்காரர் சொன்னதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். விளக்கு, பஸ், சுயஉதவிக் குழு, எல்லாம் சரி. ஆனால் அந்த பார்க்கிங்கை எங்கே போடப் போகிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் கரையில் காலி இடம் என்று வரைபடத்தில் காட்டுகிற இடம் எல்லாம் வலை உலர்த்துகிற இடம், படகு ஏற்றுகிற இடம். போன தடவை அளக்க வந்தவர்களும் அங்கேதான் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.